பதினோரு மூட்டைக்கு எந்த அட்டவணை?

1. கேட்டு கத்துது

முத்துப்பாண்டியின் போன் வந்தபோது நான் செக்காலை ஆபீசில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். முத்துப்பாண்டி எங்கள் கம்பெனியின் லாரி டிரைவர். எண்பத்தாறு மூட்டை ஆஸ்பெஸ்டாஸ் கழிவை ஏற்றிக்கொண்டு, நாலு மணி நேரத் தொலைவில் இருக்கும் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்.

"அக்கா, இங்க கேட்டு கத்துது."

"கேட்டு எப்படிக் கத்தும்? வாட்ச்மேன் கத்துறாரா?"

"வாட்ச்மேனும் கத்துறாரு, கேட்டும் கத்துது. ரெண்டு பக்கமும் தூணு மாதிரி நட்டு வச்சிருக்காக. வண்டி உள்ள நுழைஞ்சா செவப்பு லைட்டு எரிஞ்சு கூவுது. பின்னால எடுத்தா நிக்குது. மூணு தடவ பாத்துட்டாக."

அந்தத் தூண்கள் கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கிற கருவி. கிடங்குக்காரர்கள் முதலில் சந்தேகப்பட்டது மூட்டைகளை அல்ல, முத்துப்பாண்டியை. சில ஸ்கேனுக்கு உடம்பில் கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட ஆள் நடந்து போனாலே அந்தக் கருவி கூவுமாம்.

"ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தீகளான்னு கேட்டாக. மூலத்துக்கு மாத்திர திங்கிறேன், அதுவா இருக்குமான்னு கேட்டேன். மொறைக்கிறாக அக்கா."

அவரை இறக்கிவிட்டு வேறொருவர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். அப்போதும் கூவியது. கிடங்கு மேனேஜர் போனை வாங்கினார்.

"மேடம், உங்க லோடுல கதிரியக்கம் இருக்கு. எங்க லைசென்ஸ்ல அது கெடையாது. மேல தகவல் சொல்லிட்டோம். வண்டிய ஏத்துன எடத்துக்கே திருப்பிக் கொண்டுபோயி நிறுத்தச் சொல்லிருக்காங்க."

டப்பாவை மூடினேன். அன்று எலுமிச்சை சாதம். ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் மறுநாள்வரை அதைத் திறக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெசிந்தா. வேதியியல் படித்துவிட்டு, கட்டிடம் இடிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விசிட்டிங் கார்டில் 'பாதுகாப்பு, சுற்றுச்சூழல் அலுவலர்' என்று போட்டிருக்கும். முதலாளி சேது அண்ணன் மட்டும் வெளியாட்களிடம் "இவுகதான் நம்ம பேப்பர் பாக்குற அம்மா" என்பார். இரண்டும் உண்மைதான். இடித்ததில் எது எந்தக் கழிவு, எந்த விதியில் வரும், எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை.

2. அட்டவணையோடு ஒரு மல்யுத்தம்

இடித்த இடம் சாக்கோட்டை ரோட்டில் ஒரு பழைய ஷெட். சொந்தக்காரர் அழகம்மை ஆச்சி. கணவருடன் சென்னையில் இருக்கிறார், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஷெட்டை இடித்து மட்டமாக்கி, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவது அவர் திட்டம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பின்னறையில் வெள்ளை நூலும் பிசிறும் அடைத்த பழைய மூட்டைகள் கிடந்தன. "எதோ பழைய சாக்கு, அள்ளிப் போட்டுருங்க" என்றார் போனில்.

பிரித்துப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் நூல். ஷீட்டிலாவது சிமென்ட்டுக்குள் நார் சிக்கிக் கிடக்கும், உடைத்தால்தான் வெளியே வரும். நூல் அப்படியில்லை. தொட்டாலே காற்றில் பறக்கும். மூச்சில் போனால் நுரையீரலில் குடியேறி, இருபது முப்பது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். மூட்டைகளை நனைத்து, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டச் சொன்னேன்.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உதவிப் பொறியாளர் நல்ல மனிதர்தான். விதிப் புத்தகத்தில் இல்லாத எதுவும் உலகத்திலும் இல்லை என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

அபாயக் கழிவு விதியில் ஆஸ்பெஸ்டாஸ் இரண்டு வழியாக நுழையும். ஒரு அட்டவணை, எந்தத் தொழிலில் இருந்து வந்தது என்று பார்க்கும். இன்னொன்று, கழிவில் எவ்வளவு ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது என்று பார்க்கும். அவர் முதல் அட்டவணையில் விரலை வைத்தார்.

"மேடம், தலைப்பப் பாருங்க. 'ஆஸ்பெஸ்டாஸ் பொருள் உற்பத்தி.' நீங்க உற்பத்தியா பண்றீங்க? இடிக்கிறீங்க. இது கட்டிட இடிபாடு."

"அதே தலைப்புக்குக் கீழ 'கழித்துப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ்'னு இருக்கே சார்."

"அது ஃபேக்டரியில கழிச்சது."

"அப்ப இது எங்க கழிச்சது, கோயில்லயா?"

அவர் சிரிக்கவில்லை. சரி, அளவைப் பார்ப்போம் என்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூட்டையில் ஆஸ்பெஸ்டாஸைத் தவிர வேறெதுவும் கிட்டத்தட்ட இல்லை என்று முடிவு வந்தது. மூட்டைகள் அபாயக் கழிவு ஆயின. எனக்கு ஒரே பெருமை. ஆபீசில் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமையில், தரையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஷெட்டின் சிமென்ட் தரையை உடைத்த கட்டிகள் இரண்டு டிப்பர் லோடு. கான்கிரீட் கட்டிக்கு என்ன அட்டவணை? 'கட்டிட இடிபாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பங்குக் கோயில் மைதானத்தில் ஒரு பள்ளம் இருந்தது. திருவிழா அசன விருந்துக்கு முன்னால் அதை மேடாக்க வேண்டுமென்று ஃபாதர் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு லோடையும் நானே அங்கே அனுப்பிவைத்தேன். தர்மம் செய்த திருப்தி வேறு.

3. மத்தளத்துக்கு இரண்டு பக்கம்

லாரி சாயங்காலம் திரும்பி வந்தது. ஷெட் வளாகத்துக்குள்ளேயே நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டினோம். அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் சாக்கோட்டை ரோடு முழுக்க 'அணுகுண்டு லாரி' என்ற பேச்சு. எதிரே இருந்த டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு நூறடி தள்ளிப் போனார். நூறடி என்ன கணக்கு என்று கேட்டேன். "அதுக்கு மேல போனா பஸ் ஸ்டாப்பு யாவாரம் போயிரும்" என்றார்.

சேது அண்ணன் வந்தார். சொந்த நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்துவிட்டு இடிக்கிற தொழிலுக்கு வந்தவர். பயம் வந்தால் குரலைத் தாழ்த்துவார்.

"ஏம்மா ஜெசிந்தா, எம்புட்டுப் பேருக்குச் சொல்லிருக்கீக?"

"கிடங்குக்காரங்களே மேல சொல்லிட்டாங்கண்ணே."

"கூவுற மூட்ட கொஞ்சந்தான இருக்கும். அத மட்டும் எடுத்து அங்குட்டு ஒரு குழியத் தோண்டிப் பொதச்சிட்டு, மிச்சத்தத் திருப்பி அனுப்பிச்சா என்ன?"

"பொதைச்ச எடத்துக்கு நான் என்ன பேப்பர் எழுதட்டும்?"

"பேப்பரே எழுதாதீகன்னுதான சொல்றேன்."

"அப்பறம் எனக்கு எதுக்குண்ணே சம்பளம்?"

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

முதலில் மாசுக் கட்டுப்பாட்டுப் பொறியாளருக்குப் போன் செய்தேன். அவர் குரலில் அப்படியொரு நிம்மதி. "மேடம், விதியோட முதல் பக்கத்தப் பாருங்க. 'கதிரியக்கக் கழிவுக்கு இந்த விதிகள் பொருந்தா'. அது அணுசக்திச் சட்டத்துல வரும். உங்க மூட்ட இப்ப எங்க அட்டவணையிலயே இல்ல."

மாதக் கணக்கில் சண்டை போட்டு உள்ளே நுழைத்த மூட்டையை அவர் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளிவிட்டார்.

பிறகு கதிரியக்கத்தைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு. அங்கே பேசியவர் பொறுமையாகக் கேட்டார். "கதிரியக்கம் எந்தத் தனிமம், எவ்வளவுன்னு தெரியணும். ஒரு அளவுக்குக் கீழ இருந்தா அது எங்க கணக்குல கதிரியக்கக் கழிவே இல்ல. திரும்ப ஆஸ்பெஸ்டாஸ்தான். அவங்ககிட்ட போங்க."

"அளவுக்கு மேல இருந்தா?"

"எங்ககிட்ட வரணும். ஆனா ஆஸ்பெஸ்டாஸ் தூசிய நாங்க எப்படி எடுக்கிறது? அதுக்கு அவங்களக் கேட்டுச் சொல்லுங்க."

நான் நேரே மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய், பொறியாளரின் மேசையில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன். "சார், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. நான் கேக்குறேன்."

இரண்டு பேரும் முதலில் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து விஷயத்துக்கு வந்தார்கள். ஒரு முடிவு கிடைத்தது: முதலில் அளக்க வேண்டும். மூட்டை மூட்டையாக.

4. ஆச்சியின் ஃபைல்

எதை அளப்பது என்று தெரிய, அந்த ஷெட்டில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். ஆச்சி காரில் வந்து இறங்கினார். கயிற்றைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஆச்சி, இங்க முன்னால என்ன பண்ணுனாங்க?"

"சும்மா குடோனு. சாமான் போட்டு வச்சிருந்தாக."

"குடோன்ல எதுக்கு ஆஸ்பெஸ்டாஸ் நூலு?"

அடிக்கவேண்டிய இடத்தில் அடித்தேன். "இந்தத் தூசிய மூட்டை கட்டுன ஆளுக ஒன்பது பேரு ஆச்சி. அவங்களுக்கு என்ன பதில் சொல்லணும்னாவது எனக்குத் தெரியணும்."

ஆச்சி காருக்குப் போய் ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார். கொண்டுதான் வந்திருக்கிறார். கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் இதுவரை நடந்த யோசனை.

"எங்க அப்பச்சி காஸ் லைட்டுக்கு மேண்டில் பண்ணுனாக. லைசென்ஸ் வாங்கித்தான் பண்ணுனாக. எடத்துக்கு சீல் வச்சுருவாகளோன்னு பயந்து சொல்லல. தப்புத்தான்." அப்பச்சி என்றது தன் அப்பாவை.

ஃபைலைப் பிரித்தவுடன் எல்லாம் விளங்கிவிட்டது. காஸ் லைட்டுக்குள் சுடர் ஏறி ஒளிரும் மேண்டில் என்ற வலைத் துணியைத் தோரியம் நைட்ரேட் கரைசலில் முக்கிக் காயவைப்பார்கள். அதனால்தான் அது அவ்வளவு வெள்ளையாக எரியும். தோரியம் கதிரியக்கப் பொருள். மேண்டிலின் வாயைச் சுருக்கிக் கட்டுவது ஆஸ்பெஸ்டாஸ் நூலால், ஏனென்றால் அது எரியாது. நாரும் தோரியமும் ஒரே மேசையில் புழங்கியிருக்கின்றன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். எங்களுக்கு இரண்டு பூதம், அதுவும் ஒரே மூட்டைக்குள்.

5. மீட்டர்

கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் மூன்றாம் நாள் வந்தார். சுகந்தி என்று பெயர், நாற்பது வயதுக்குள். கையில் கதிரியக்கத்தை அளக்கும் சர்வே மீட்டர். நாங்கள் முகமூடியும் முழு உடுப்புமாக ஒவ்வொரு மூட்டையாக இறக்கினோம். அவர் மீட்டரைக் காட்டி, எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன்.

எழுபத்தைந்து மூட்டை சும்மா கிடந்தன. பதினோரு மூட்டையில் மீட்டர் கடகடவென்றது. மாதிரி எடுத்து அனுப்பியதில் அந்தப் பதினொன்றும் வரம்புக்கு மேல் என்று பிறகு உறுதியானது.

முத்துப்பாண்டி அரை மணி நேரமாகத் தயங்கிக்கொண்டிருந்தவர், கடைசியில் கேட்டுவிட்டார். "மேடம், எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? எனக்குப் பின்னாலதான இம்புட்டும் இருந்துச்சு."

"நீங்க உக்காந்த எடத்துல அளந்துட்டேன். ஒரு நாள் ஓட்டுனதுக்குப் பயப்படற அளவு இல்ல. வெளிய இருந்து வர்ற கதிர விட, தூசி உள்ள போறதுதான் மோசம். பீடி குடிப்பீங்களா?"

"ஒரு நாளைக்கு ஒரு கட்டு."

"மொதல்ல அத விடுங்க. ஆஸ்பெஸ்டாஸும் பீடியும் சேர்ந்தா நுரையீரலுக்குப் பல மடங்கு ஆபத்து."

முத்துப்பாண்டி என்னைப் பார்த்தார். "அணுகுண்டு லாரி ஓட்டிட்டு வந்தாலும் இவுக பீடியத்தான் கொற சொல்றாக."

மூட்டை கட்டிய ஒன்பது ஆட்களுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சுகந்தி ஃபைலில் இருந்த ஷெட் வரைபடத்தைப் பார்த்தார். ஒரு மூலையில் விரல் நின்றது. "கரைசல்ல முக்குற தொட்டி இங்க இருந்திருக்கு. வருஷக்கணக்கா கீழ சிந்தியிருக்கும். இந்த எடத்துத் தரை எங்க?"

"கோயில்ல" என்றேன்.

6. மைக்

அது சனிக்கிழமை. அடுத்த வார ஞாயிறு திருவிழா அசனம். அந்த மைதானத்தில்தான் அடுப்புக்குக் குழி வெட்டுவார்கள், ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்: "இது பாவசங்கீர்த்தனமா, இல்ல சாதாரணப் பேச்சா?"

"பாவசங்கீர்த்தனம்னா நீங்க வெளிய சொல்ல முடியாதே ஃபாதர். இது வெளிய சொல்லியே ஆகணும்."

"அப்ப நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா பாதிப் பேரு பிரசங்கம்னு நெனச்சுத் தூங்கிருவாங்க."

மறுநாள் மைக் முன்னால் நின்றேன். சேது அண்ணன் முந்தின ராத்திரியே போனில் சொல்லியிருந்தார்: "கம்பெனி தப்புன்னு சொல்லிராதீக." அதனால் நான் கம்பெனி என்று சொல்லவில்லை.

"மைதானத்துல கொட்டுன கட்டியில கதிரியக்கப் பொருளும் ஆஸ்பெஸ்டாஸ் நாரும் இருக்கலாம். இருக்குன்னு இன்னும் தெரியாது. அளக்குற வரைக்கும் யாரும் அங்குட்டுப் போக வேணாம், தோண்ட வேணாம். அத அனுப்புனது நான்தான். பாக்காம கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

கூட்டத்தில் பெரிய சத்தம். மூன்றாவது வரிசையில் இருந்து தெரசம்மா எழுந்தாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், அசனத்துக்குச் சமையல் பொறுப்பு அவளுக்குத்தான்.

"ஏன்டி ஜெசிந்தா, கோயிலுக்குக் குடுக்குறத பாத்துக் குடுக்கக் கூடாதா?"

"கூடாதுன்னு எவ சொன்னா? பாத்திருக்கணும். பாக்கல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். "சரி, அடுப்பப் பள்ளிக்கூடத்துப் பின்னால போட்டுக்குவோம். அண்டா தூக்க ஆம்பளைக வேணும்." சத்தம் அப்படியே அண்டாப் பக்கம் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை சுகந்தி மைதானத்தைக் கட்டம் கட்டமாக அளந்தார். முக்கால்வாசி இடம் சுத்தம். ஒரு மூலையில், ஒரு கட்டில் அளவு இடத்தில், மீட்டர் கடகடத்தது. அந்தக் கட்டிகளுக்கு இடையில் வெள்ளை நூலும் கிடந்தது.

தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு கட்டியாகப் பொறுக்கி, இரட்டைப் பையில் போட்டோம். அப்போது முகமூடி போட்ட ஒருவர் மண்வெட்டியோடு வந்து என் பக்கத்தில் குனிந்தார். தொப்பையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"அண்ணே, நீங்க எதுக்கு?"

"நீங்க மைக்குல எம் பேரச் சொல்லலன்னு கேள்விப்பட்டேன்" என்றார் சேது அண்ணன். "சொல்லிருந்தா வீட்டுல உக்காந்து சண்ட போட்டுருப்பேன். இப்ப வராம இருக்க முடியல. இந்த முகமூடிக்குள்ள மனுசன் எப்புடிம்மா மூச்சு விடுறது?"

7. கடைசியில் யார் எங்கே போனார்கள்

எழுபத்தைந்து மூட்டையும், உடைந்த கூரை ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கழிவாக அதே கிடங்குக்குப் போயின. இந்தத் தடவை தூண்கள் சத்தம் போடவில்லை. மைதானத்தில் மீதிக் கட்டிகளை நார் இருக்கிறதா என்று சோதித்து, இல்லை என்று எழுத்தில் வாங்கி, அங்கேயே விட்டோம்.

பதினோரு மூட்டையும், தொட்டி மூலைத் தரைக் கட்டிகள் நாலு பையும், ஷெட்டில் இடிக்காமல் விட்ட ஒரு அறையில் பூட்டுக்குள் இருந்தன. யார் எடுப்பது என்று இரண்டு அலுவலகமும் எட்டு மாதம் கடிதம் எழுதிக்கொண்டன. பாதிக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் வந்த பதில் ரொம்பச் சின்னது. வரம்புக்கு மேல் கதிரியக்கம் இருந்தால் அது கதிரியக்கக் கழிவு, அந்தச் சட்டத்தில்தான் போகும். ஆனால் அதற்காக அதற்குள் இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் காணாமல் போய்விடாது. ஆகவே பையைப் பிரிக்கக் கூடாது, தூசி கிளப்பக் கூடாது, மேலே இரண்டு எச்சரிக்கை ஒட்ட வேண்டும். கதிரியக்கக்காரர்களின் வண்டி வந்து ஏற்றிப் போனது. அதுவரை ஆச்சியின் கார் நிறுத்தம் ஒரு அறை குறைவாகவே ஓடியது. ஆச்சி ஒரு தடவைகூட வாய் திறந்து குறை சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மேடம், இது எந்த அட்டவணையில வரும்?" அட்டவணை யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்க வரும். நான் ஆஸ்பெஸ்டாஸைக் கண்டுபிடித்த மிதப்பில், அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. நூலைப் பார்த்த அன்றைக்கே, "இங்க என்ன வேல பாத்தாக?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், தரையை உடைக்கும் முன்பே மீட்டர் வந்திருக்கும். அட்டவணை பொருளின் பெயரைத்தான் சொல்லும். அது எங்கே புரண்டு வந்தது என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும், அவர்களும் கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள். பதில் வருகிறவரை பேனாவை மூடியே வையுங்கள். பேனாவை மூடி வைத்ததற்காக யாரும் கோயிலில் மைக் பிடித்து நின்றதில்லை.